பால்வாடி, எல்.கே.ஜி. வயதில் மாற்றுத்திறன் குழந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்சரிப் பள்ளி ஆசிரியர்கள், இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் என்று யாரிடம் பேசினாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல. குழந்தையைப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது.

"பையனுக்கு ரெண்டரை வயசு, இன்னும் பேசல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா?"

வேண்டாம். ஒரு வயதில் 'பாபா, மாமா' என்ற மழலை ஒலிகூட இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் 'பால் தா', 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். 18 மாதமாகியும் தனியாக நடக்காவிட்டாலும் அப்படித்தான். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாமதமாகப் பேசிச் சரியானவர்களின் கதைதான் குடும்பத்தில் உலவும். சரியாகாதவர்களின் கதையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் காது பரிசோதனை. "கூப்பிட்டா திரும்புறானே, டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றானே" என்பது போதாது. கனமான ஒலிகள் கேட்டு, 'ச', 'ஃப்' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் கொடுப்பது உங்கள் வீட்டு நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். அதற்காக "ஆடி போகட்டும், தை பிறக்கட்டும்" என்று பரிசோதனையைத் தள்ளுவதோடுதான் எனக்குச் சண்டை. வசம்பை நாக்கில் தடவுவதை மட்டும் விட்டுவிடுங்கள், குழந்தை மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள்.

"எங்க கொண்டுபோய்க் காட்டுறது? தனியார்ல காட்ட வசதி இல்ல."

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் சந்தேகப்படும் குழந்தையை அனுப்பும் இடம் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். இந்த நீண்ட பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பலருக்குத் தெரியாது, "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பதுதான் அந்த மையத்தின் நோக்கம்.

குழு வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி முன்னதாகவே போகலாம். சென்னையை ஒட்டி இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

"டாக்டர் இன்னும் பேர் எதுவும் சொல்லல. என்னன்னு தெரியாம டீச்சர் என்ன செய்ய முடியும்?"

நிறையச் செய்யலாம். ஐந்து வயதுக்கு முன் பல குழந்தைகளுக்கு டாக்டர்கள் 'வளர்ச்சித் தாமதம்' என்று பொதுவாக எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் மழுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த வயதில் அறிவுசார் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லக் கூடாது என்பதே மதிப்பீட்டு விதி. பெயருக்காகக் காத்திருந்தால் முன்பருவக் கல்வியே முடிந்துவிடும்.

நோயின் பெயரைவிட டீச்சருக்கு உதவுவது குழந்தை எதை எப்படிச் செய்கிறது என்ற குறிப்பு. 'கவனமில்லை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'கதை சொல்லும்போது இரண்டு நிமிடம் உட்காருகிறாள், பாட்டு என்றால் முழுதாக இருக்கிறாள், மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாள்' என்று எழுதினால் நாளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. டாக்டருக்கும் இந்தக் குறிப்பு பிடிக்கும். பத்து நிமிடப் பரிசோதனையில் அவர் பார்க்க முடியாததை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

"அங்கன்வாடியில இப்படிப்பட்ட பிள்ளைங்கள சேர்த்தே ஆகணுமா? எங்களுக்கு அதுக்குப் பயிற்சி இல்லையே."

சேர்க்க வேண்டும். அங்கன்வாடி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பல கிராமங்களில் வீட்டுக்கு அருகே நடந்துபோகிற தூரத்தில் வேறெந்த வசதியும் கிடையாது. மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே ஒரு அங்கன்வாடி நெறிமுறை வெளியிட்டது. அடையாளம் காண்பது, மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்வது, சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பது என்று பணியாளரின் வேலையை அது வரையறுக்கிறது.

ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்து 18 வரைதான் தருகிறது. ஆறுக்குக் கீழே அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, அரசு 'முயல வேண்டும்' என்ற அளவில் நிற்கிறது. உதவி அதிகம் பலிக்கும் வயதில்தான் சட்டம் மெலிந்திருக்கிறது. அதனால்தான் பணியாளரின் மனம் இங்கே இவ்வளவு முக்கியமாகிவிடுகிறது. பயிற்சி குறைவு என்ற உங்கள் புகார் நியாயமானது. அதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். குழந்தையைத் திருப்பி அனுப்ப அது காரணமாகாது.

"பிரைவேட் ஸ்கூல்ல 'எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்ல, வேற இடம் பாருங்க'ன்னு சொல்றாங்க."

வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பள்ளிகள் அங்கேயே குரலைத் தாழ்த்தும். மேலே சொன்ன 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடில்லாமல் சேர்த்து, தேவையான வசதியும் செய்து தர வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்' வருகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு இல்லை. எல்.கே.ஜி. சேர்க்கைக்கே இது பொருந்தும்.

புகார் கொடுக்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், முதன்மைக் கல்வி அலுவலகம் இரண்டும் உண்டு. ஆனால் சண்டை போட்டுச் சேர்த்த பள்ளியில் பிள்ளை தினமும் நாலு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஒரு பள்ளி "இதுவரை இப்படி ஒரு பிள்ளை வந்ததில்லை, கற்றுக்கொள்கிறோம்" என்று சொன்னால், பளபளப்பான கட்டடம் உள்ள இன்னொன்றைவிட நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

"சிறப்புப் பள்ளி நல்லதா, சாதாரண பால்வாடி நல்லதா?"

பெரும்பாலான குழந்தைகளுக்கு, பக்கத்துப் பிள்ளைகளோடு பால்வாடி, அதோடு வாரம் சில மணி நேரம் தெரபி. மற்ற பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துக் கற்பதை எந்தத் தெரபி அறையும் தராது.

காது கேளாத குழந்தை விஷயத்தில் என் கருத்து வேறு. அந்தக் குழந்தைக்கு அவசரத் தேவை மொழி. வாய்ப்பேச்சோ சைகை மொழியோ, முழுதாக ஒரு மொழி நாள் முழுக்கக் கிடைக்க வேண்டும். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தாயையும் சேர்த்துப் பழக்கும் பள்ளியில் முதல் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு பொதுப் பள்ளிக்கு மாறுவது நல்ல வழி. பக்கத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் அங்கன்வாடியில் சேர்ப்பதை நிறுத்தாதீர்கள்.

"என் வகுப்புல இருபத்தஞ்சு பிள்ளைங்க. ஒருத்தனையே பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

முடியாது, வேண்டியதும் இல்லை. தனியாக அரை மணி நேரம் ஒதுக்குவதைவிட, நடக்கிற வகுப்பிலேயே அவனுக்கு இடம் செய்வதுதான் பலன் தரும். பாட்டில் 'நிலா நிலா ஓடி...' என்று நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். ஒரு ஒலி, ஒரு கையசைவு வந்தாலும் போதும், "வா!" என்று முடியுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். நம்மில் பலர் இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

சொல்வதைச் சின்னதாக்குங்கள். 'எல்லாரும் பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, வரிசையா வாங்க' என்பதில் மூன்று வேலை இருக்கிறது. அவனுக்கு ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. வருகை, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் என்று ஐந்தாறு படங்களைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் அதைத் திருப்பிவையுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அழுகையில் பாதி, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாததால் வருவது. இந்தப் படங்கள் மற்ற இருபத்து நாலு பேருக்கும் பயன்படும்.

துணைக்கு ஒரு பிள்ளையைப் போடுங்கள், ஆனால் ஒரே பிள்ளையைத் தினமும் போடாதீர்கள். எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கும் பெண் பிள்ளையின் தலையில்தான் இது விழுகிறது. ஆறு வயதுக்குள் அவளை ஆயா ஆக்க வேண்டாம்.

"சி.பி. குழந்தை. உட்கார வச்சா சாயுது. பாயில படுக்க வச்சிரலாமா?"

சி.பி. என்பது மூளை முடக்குவாதம். நாள் முழுக்கப் படுத்திருக்கும் குழந்தைக்கு உலகம் கூரைதான். சாயாமல் உட்கார்ந்தால்தான் கை விடுபடும், கண் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். சுவர் மூலையில் இருபுறமும் தலையணை அண்டக்கொடுத்து, கால்களுக்கு நடுவே சுருட்டிய போர்வையோடு உட்காரவைப்பது ஒரு வழி. மூலை நாற்காலி கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த நிலை பொருந்தும், எவ்வளவு நேரம் என்பதை பிசியோதெரபிஸ்ட் காட்டித் தர வேண்டும். அதைப் போனில் படம் எடுத்துவந்து டீச்சர், ஆயா இருவரிடமும் கொடுத்துவிடுங்கள். நிலையை அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

சாப்பாட்டில் கண்டிப்பாக இருங்கள். படுக்கவைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக் கூடாது. உணவு மூச்சுக்குழாயில் போய் நெஞ்சுச் சளியில் கொண்டுவிடும். நிமிர்த்தி, முகவாய் சற்றுக் கீழே இருக்க, சிறு கரண்டியால், விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைக்காமல் சற்றுக் கெட்டியாகக் கொடுத்தால் பல குழந்தைகள் எளிதாக விழுங்குகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், ஊட்டுவதை நிறுத்திவிட்டு டி.இ.ஐ.சி.யில் காட்டுங்கள்.

"பாத்ரூம் சொல்லத் தெரியல, டயபர் போட்டுத்தான் அனுப்பணும். அதனாலயே வேண்டாங்கறாங்க."

அதைச் சேர்க்கை நிபந்தனையாக வைப்பது தவறு. முன் கேள்விகளில் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும். வந்தவுடன், பாலுக்குப் பிறகு, தூக்கத்துக்கு முன் என்று நேரம் வைத்து எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துக் கூட்டிப்போனால் சில மாதங்களில் பலருக்குப் பழகிவிடும். கழிவறைப் படம் ஒன்றைத் தொட்டுக் காட்டவும் சொல்லித்தரலாம். மாற்றுத்துணி கொடுத்தனுப்புவது பெற்றோரின் வேலை. முகம் சுளிக்காமல் மாற்றிவிடுவது மையத்தின் வேலை.

"படம் காட்டிக் கேட்கப் பழக்கினா, வாயால பேசுறதே வராமப் போயிடாதா?"

போகாது. ஆராய்ச்சிகளும் அப்படித்தான் சொல்கின்றன. சில குழந்தைகளுக்குப் படத்தைத் தொடர்ந்து பேச்சு கூடவே செய்கிறது. 'தண்ணீர்' படத்தைத் தொட்டால் தண்ணீர் கிடைக்கிறது என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு, எதையாவது சொன்னால் எதையாவது பெறலாம் என்பது புரிந்துவிட்டது. பேச்சின் அடிப்படையே அதுதான். படத்தைத் தொடும்போதெல்லாம் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

நாலு அட்டையில் பிஸ்கட் பாக்கெட் படங்களை ஒட்டித் தொடங்கலாம். பிறகு வேண்டுமானால் ஆவாஸ் போன்ற செயலிக்குப் போகலாம். சென்னையில் உருவான செயலி அது, தமிழிலும் பேசும்.

"வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். குழப்பமாகுது, வீட்லயும் இங்கிலீஷே பேசுங்கன்னு மிஸ் சொல்றாங்க."

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ இருந்தாலும் இதே பதில்தான். வீட்டில் உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். 'கம், சிட், ஈட்' என்று நாலு சொல்லில் பேசும் அம்மாவைவிட, தமிழில் ஓயாமல் பேசும் ஆத்தாதான் அந்தக் குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம். பேச்சைக் கெடுப்பது சாப்பாட்டுக்கு எதிரே நிற்கும் போன். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

"காது மெஷின் போட்டுவிட்டா கழட்டி எறியறான்."

முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள், பிறகு பிள்ளையை. குழந்தையின் காது வளரும், காதுக்குள் பொருந்தும் அச்சு பழையதாகி வலிக்கும் அல்லது 'கீ' என்று கத்தும். பேட்டரி தீர்ந்திருந்தால் காதில் அடைப்பு மட்டும்தான் மிச்சம். தினமும் காலையில் யாராவது ஒருவர் சரிபார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பிடித்த பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

கருவி போட்டும் பயன் இல்லாத ஆழ்ந்த கேளாமைக்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) செய்கிறார்கள். ஆறு வரை நேரம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பேச்சு. அறுவை முடிந்த பின் பயிற்சிக்குப் போகாவிட்டால் கருவி வெறும் நகைதான்.

"கடிக்கிறான், தள்ளிவிடறான். மத்த பிள்ளைங்களோட அம்மாங்க சண்டைக்கு வர்றாங்க."

கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடித்ததும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வரிசையில் நெருக்கி நிற்கும்போது கடிக்கிறானா? அப்படியென்றால் வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள். பொம்மையைப் பிடுங்கும்போதா? 'தா' என்று கை நீட்ட, 'போதும்' அட்டையைக் காட்டச் சொல்லித்தாருங்கள், மேலே படம் பற்றிச் சொன்னதுபோல. திருப்பிக் கடிப்பது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, நாற்காலியில் கட்டுவது எதுவும் கூடாது.

மற்ற அம்மாக்களின் கோபத்தை அலட்சியம் செய்யாதீர்கள், பல் தடம் விழுந்தது அவர்கள் பிள்ளைமேல். "என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க நாங்கள் என்ன செய்கிறோம்" என்று டீச்சர் நேரில் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் நோய் விவரத்தைப் பொதுவில் பேசக் கூடாது. அவன் அம்மாவைக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கவும் கூடாது.

"வகுப்புல ஃபிட்ஸ் வந்தா?"

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே மடித்த துணி, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடவே கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், அல்லது அதுதான் முதல் முறை என்றால் 108.

"சர்டிபிகேட் வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தினமாதிரி ஆயிடுமே?"

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, உடன்பட மாட்டேன். மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் யாரும் ஒட்டுவதில்லை. சிறு குழந்தைக்குப் பொதுவாகத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், பிறகு மறுமதிப்பீடு உண்டு. குழந்தை முன்னேறினால் அதில் எழுதும் குறைபாட்டுச் சதவீதம் மாறும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் செலவைத் திரும்பப் பெறலாம். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்.

"ஸ்டெம் செல் போட்டா ஆட்டிசம் சரியாகுதாமே?"

ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதற்காக ஸ்டெம் செல் போடவே கூடாது. ஆய்வு என்றால் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. நிலத்தை விற்றுப் போகாதீர்கள்.

"ஒண்ணாம் வகுப்புக்குத் தயாராகல. இன்னொரு வருஷம் யூ.கே.ஜி.யிலயே வச்சிக்கலாமா?"

இது கடினமான கேள்வி. நடை, பேச்சு வரட்டும் என்று ஓராண்டு நிறுத்தினால் அடுத்த ஆண்டும் அதே காரணம் வரும்; கூடப் படித்தவர்கள் போய்விடுவார்கள். குழந்தைக்கு அறுவை சிகிச்சை, நீண்ட மருத்துவமனை வாசம் போன்ற காரணம் இருந்தால் ஒழிய, நண்பர்களோடு சேர்ந்தே அனுப்புங்கள் என்பேன். முதல் வகுப்பில் சேர்க்கத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆறு வயதானதும், முன்பு சொன்ன 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமையும் கைக்கு வந்துவிடும். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர் பள்ளிக்கு வருவார். பள்ளிக்கு வரவே முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சி உண்டு.

சேர்க்கைக்கு முன், ஏப்ரலிலேயே புதிய டீச்சரைக் குழந்தையோடு போய்ப் பாருங்கள். வகுப்பறை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் குழந்தைக்குக் காட்டுங்கள். அங்கன்வாடிப் பணியாளர் ஒரே பக்கத்தில் எழுதித் தரட்டும்: எப்படி உட்காரவைத்தால் நன்றாக இருக்கிறாள், எதைக் கண்டு பயப்படுகிறாள், பசி, வலி, சிறுநீரை எப்படித் தெரிவிக்கிறாள், என்ன மருந்து எப்போது, எந்தப் பாட்டுக்குச் சிரிக்கிறாள். அதில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். ஜூனில் டீச்சர் மாறுதலாகிப் போவது அடிக்கடி நடக்கிறது.